விளிம்பில் நிற்பவர்கள்

பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடிக்கு மேற்கே பச்சைமலை. வயலில் குனிந்து வேலை செய்பவர் இடுப்பை நிமிர்த்தும்போது கண்ணில் முதலில் படுவது அதுதான். ஊரில் புதிதாகக் கேமரா வாங்குபவர் முதலில் எடுக்க நினைப்பதும் அதைத்தான். மலை முழுதாக வேண்டும், அதன்மேல் ஏறிவரும் மழைமேகம் வேண்டும், அடிவாரத்து மக்காச்சோளக் கொல்லையும் பருத்திக்காடும் வேண்டும். இந்த ஆசையிலிருந்துதான் அகல்கோண லென்ஸைப் பற்றிய நினைப்பே தொடங்குகிறது. அப்படி ஒன்றை மாட்டி எடுத்துப் பார்த்தால் வானம் இருக்கும், கொல்லை இருக்கும், வரப்போரத்துப் பனையும் இருக்கும். மலை மட்டும் அடியில் ஒரு பச்சைக்கோடாகச் சுருங்கியிருக்கும்.

கணக்கு எளியது. சமவெளியிலிருந்து 500 மீட்டர் எழும் மலை ஒன்றை 5 கிலோமீட்டர் தள்ளி நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். புல்பிரேம் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், 50 மி.மீ. லென்ஸ் அந்த மலையைப் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காகக் காட்டும். 16 மி.மீ. லென்ஸில் அது பதினைந்தில் ஒரு பங்கு. தொலைவில் இருப்பதை இன்னும் தொலைவாக்கி, காலடியில் கிடப்பதைப் பெரிதாக்குவது அகல்கோணத்தின் இயல்பு. பரந்த வெளியை அள்ளிக்கொள்ள அதை வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். மலைக்கு முன்னால் இருக்கும் ஒரு வரப்பை, ஒரு கிணற்று மேட்டை, ஒரு ஆட்டுக்குட்டியை எட்டித் தொடும் தூரத்துக்குப் போய் எடுக்க மனமிருந்தால்தான் அந்த லென்ஸ் பேசும்.

ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, ஒரு லென்ஸ் வாங்கத்தான் காசு இருக்கு. அல்ட்ரா வைடு வாங்கட்டுமா, பிஷ் ஐ வாங்கட்டுமா?” விலைப்பட்டியலையும் கூர்மை அளவையும் வைத்து ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. படத்தின் நடுவே இருப்பது எந்த லென்ஸிலும் நன்றாகத்தான் விழும். இரண்டு லென்ஸுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க விளிம்பில் இருக்கிறது. ஒன்று விளிம்பை இழுக்கும், மற்றொன்று விளிம்பை வளைக்கும். ஆகவே லென்ஸைத் தேர்வது என்றால், விளிம்பில் நிற்பதற்கு என்ன நேரலாம் என்று நாம் அனுமதிக்கிறோம் என்பதை முடிவு செய்வது.

*

சாதாரண அகல்கோண லென்ஸ், நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுவேன் என்ற உறுதியோடு செய்யப்பட்டது. தூண் தூணாக நிற்கும், சுவர் சுவராக நிற்கும். இந்த உறுதியைக் காப்பாற்ற, மையத்திலிருந்து விலக விலக அது பிம்பத்தை மேலும் மேலும் வெளியே தள்ளியாக வேண்டும். தட்டையான சுவருக்கு இதனால் கேடு இல்லை. உருண்டையான பொருளுக்குத்தான் கேடு. மையத்திலிருந்து 45 பாகை விலகி இருக்கும் பந்து ஏறத்தாழ 1.4 மடங்கு நீண்ட முட்டையாகும். 60 பாகை விலகினால் இரண்டு மடங்கு நீளும். 90 பாகைக்குப் போனால் பிம்பம் முடிவிலிக்குப் போய்விடும். அதனால்தான் நேர்கோட்டு லென்ஸில் 180 பாகைக் காட்சி என்பது எக்காலத்திலும் முடியாது. புல்பிரேமில் 14 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 114 பாகை, 12 மி.மீ. 122 பாகை, 10 மி.மீ. 130 பாகை. பெரும்பாடுபட்டு ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் மூலை இன்னும் கொஞ்சம் கிழிபடுகிறது.

பிஷ் ஐ எனப்படும் மீன்கண் லென்ஸ் அந்த உறுதியையே கொடுப்பதில்லை. நேர்கோடு வளைந்தால் வளையட்டும் என்று விட்டுவிட்டு அரைக்கோளம் முழுவதையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. இதை விளங்கிக்கொள்ளப் பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லென்ஸே வேண்டாம். கோடையில் வயல் கிணற்றில் குதித்து, தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்குள் வானம், கிணற்றின் மதில், எட்டிப்பார்க்கும் கூட்டாளிகள் எல்லாம் ஒடுங்கியிருப்பார்கள். வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் இருட்டு. நீருக்கு வெளியே அடிவானம் வரை பரந்திருக்கும் 180 பாகையும், ஒளி விலகலால் நீருக்குள் ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் சுருங்குகிறது.

இந்த நீர்க்காட்சியைத்தான் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் 1906இல் நீருக்குள் வைத்த ஊசித்துளைக் கேமராவால் படமாக்கினார். 1924இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராபின் ஹில், மேகங்களை ஒரே தகட்டில் எடுப்பதற்காகக் கண்ணாடியாலேயே அப்படி ஒரு லென்ஸை அமைத்தார். பின்னாளில் ஒளிச்சேர்க்கை ஆய்வில் பெரும்பெயர் பெற்ற அதே ஹில்தான். ஜப்பானின் நிப்பான் கோகாகு நிறுவனம் 1938இல் செய்த சோதனை லென்ஸும் மேகங்களுக்காகத்தான். அந்த நிறுவனம்தான் இன்றைய நிக்கான். 1962இல் அது 35 மி.மீ. கேமராவில் மாட்டிக் கழற்றக்கூடிய 8 மி.மீ. மீன்கண் லென்ஸைக் கொண்டுவந்த பிறகுதான் பத்திரிகைப் படக்காரர்களின் கைக்கு அது வந்தது. முதலில் அது வானத்தை அளக்கும் கருவி. வேடிக்கை காட்டும் லென்ஸ் என்ற பெயர் பிறகு ஒட்டியது.

அளக்கும் கருவி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல மீன்கண் லென்ஸ்கள் பரப்பைக் காக்கும் வகையில் அமைக்கப்படுகின்றன. வானத்தின் உச்சியில் உள்ள ஒரு துண்டும் அடிவானத்தை ஒட்டியுள்ள அதே அளவுத் துண்டும் படத்தில் ஒரே பரப்பைப் பெறும். வானத்தில் எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது, ஒரு மரத்தின் இலைக்கூரை எத்தனை பங்கு வெயிலை உள்ளே விடுகிறது என்பதை அப்படத்திலிருந்து கணக்கிடலாம். காட்டியல் ஆய்வாளர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். நேர்கோட்டு லென்ஸால் இது நேரடியாக முடியாது. அது மூலையில் உள்ள மேகத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டிவிடும்.

ஆக இரண்டுமே ஒன்றைக் காத்து மற்றொன்றை விடுகின்றன. கோளத்தைத் தட்டையான தாளில் விரித்தால் கோடு, வடிவம், பரப்பு எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. உலக வரைபடம் வரைந்தவர்கள் சந்தித்த அதே இக்கட்டு இது. 1569இல் மெர்கேட்டர் திசையைக் காத்தார், கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராக வீங்கியது. உலகத்துக்கு ஒரே சரியான வரைபடம் இல்லாதது போலவே ஒரே சரியான அகல லென்ஸும் இல்லை. எதைக் காக்க வேண்டும் என்று எடுக்கப்படும் பொருள்தான் சொல்ல வேண்டும்.

*

இதற்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் மிகச்சிறந்த பாடசாலை கங்கைகொண்ட சோழபுரம். இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அந்த விமானம் 53 மீட்டர் உயரம். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏற்கெனவே இருந்த தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்க்கப்பட்டது. இரண்டு விமானங்களையும் பார்த்தவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும். தஞ்சை விமானத்தின் விளிம்பு இறுக்கமான நேர்கோடு. கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்த விளிம்பு மெல்ல உள்ளே குழிந்து மேலேறுகிறது. தஞ்சையில் தந்தை கட்டியதைக் கண்டு வளர்ந்த மகனின் காலத்துச் சிற்பிகள் வேண்டுமென்றே எடுத்த முடிவு அந்தக் குழிவு. அந்தக் கோயிலின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அதன் முன் மீன்கண் லென்ஸை வைத்தால் என்ன ஆகும்? விமானம் வளையும். தஞ்சையில் நேர்கோடு வளைந்தால் பார்ப்பவர் உடனே லென்ஸைச் சந்தேகப்படுவார். இங்கே கோடு ஏற்கெனவே வளைவானது. எவ்வளவு வளைவு சிற்பியுடையது, எவ்வளவு லென்ஸுடையது என்று படத்தைப் பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. அகல்கோண லென்ஸை அண்ணாந்து பிடித்தாலும் அதே குழப்பம். செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும், விமானம் பின்னால் விழுவதுபோல் தோன்றும், சிற்பி கொடுத்த ஒடுக்கத்தோடு லென்ஸ் கொடுத்த ஒடுக்கம் கலந்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் கயிறு பிடித்து நிறுத்திய கோட்டின் மேல் நாம் ஒரு நொடியில் நம் கோட்டை எழுதிவிடுகிறோம்.

தப்பிக்க வழி இருக்கிறது. கோயில் முற்றம் ஏறத்தாழ 170 மீட்டர் நீளம், 98 மீட்டர் அகலம். விமானத்தின் அடி ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம். பக்கவாட்டு மதில் ஓரமாக, வடகைலாசமும் தென்கைலாசமும் மறைக்காத ஓர் இடத்தில் நின்றால், விமானத்தின் நடுப்பகுதி சுமார் 49 மீட்டர் தொலைவில் இருக்கும். கேமராவைச் சாய்க்காமல், நிலைகுத்தாக, அடிவானத்தை நேரே பார்த்தபடி பிடித்தால் உச்சிக்கலசம் சட்டத்துக்குள் வர 17 மி.மீ. லென்ஸ் போதும். கிராப் சென்சார் கேமராவில் 11 மி.மீ. அளவு. படத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் புல்லும் கல்தரையுமாகத்தான் இருக்கும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம், அல்லது அந்தத் தரைக்கும் ஒரு பொருள் கொடுக்கத் தெரிந்தவர் வைத்துக்கொள்ளலாம். விமானம் மட்டும் நிமிர்ந்து, தன் குழிவோடு, தன்னுடையதாகவே நிற்கும். அகல்கோணத்தின் உண்மையான பயனை நான் இந்த இடத்தில்தான் காண்கிறேன். பின்னால் போக இடமில்லாதபோது ஒரு கட்டடத்தின் மரியாதையைக் காப்பாற்றுவது அதன் வேலை.

அதே கோயிலின் வடக்கு வாயில் அருகே சண்டேசுவரருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அதற்கு முன் போகும்போது அதே லென்ஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அடியவரின் குனிந்த தலையும் ஆண்டவனின் கையும் ஒன்றுக்கொன்று கொண்டிருக்கும் அளவு உறவுதான் அந்தச் சிற்பத்தின் பொருள். கிட்டப்போய் அகலமாக எடுத்தால் முன்னே நீண்டிருக்கும் கை வீங்கும், பின்னே இருக்கும் முகம் ஒடுங்கும். அங்கே நான்கு எட்டுப் பின்வைத்து, 50 மி.மீ. அல்லது 85 மி.மீ. லென்ஸில் எடுப்பதுதான் முறை.

*

அகலமான படத்துக்கு அகலமான லென்ஸ் வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. 1858இல் சென்னை மாகாண அரசின் படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்தார். அப்படி எடுத்த 21 படங்களை ஒட்டிச் சேர்த்தபோது ஏறத்தாழ 19 அடி நீளப் படம் ஒன்று உருவானது. எந்த மீன்கண் லென்ஸும் பிறப்பதற்கு முன்பே சுவரைச் சுற்றி நடந்து நடந்து ஒருவர் அகலத்தை உண்டாக்கிவிட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் நேரே போய் நின்றதால் அதில் விளிம்பு என்பதே இல்லை. எல்லா இடமும் நடு. இன்று கைபேசியில் பனோரமா எடுக்கும் ஒவ்வொருவரும் அந்த நடையின் வாரிசு.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்குத் தெரிவித்த மரம் அது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கமெல்லாம் கடல் வந்து போன காலத்தில் மண்ணுக்குள் அமிழ்ந்து கல்லானது. 18 மீட்டர் நீளத்துக்கு நெடுங்கிடையாகக் கிடக்கிறது. வருகிற பலரும் ஒரு முனையில் குனிந்து அகலமாக எடுக்கிறார்கள். அருகே உள்ள முனை பூதமாகப் பெருக்க, மறுமுனை குச்சியாகிவிடுகிறது. மீன்கண்ணில் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் நடு பருத்து, இரு முனையும் சிறுத்து வளையும். ஆனால் மரத்தின் நடுவுக்கு நேரே ஏறத்தாழ 9 மீட்டர் தள்ளி நின்று, கேமராவை மரத்துக்கு இணையாகப் பிடித்தால், 18 மி.மீ. நேர்கோட்டு லென்ஸ் அதை முழுதாக, அடியிலிருந்து நுனிவரை அதன் சொந்தப் பருமனிலேயே காட்டும். தனக்கு இணையாகக் கிடப்பதை நேர்கோட்டு லென்ஸ் ஒருபோதும் சிறுமைப்படுத்தாது. அதன் பெருங்குணம் இது.

*

பூலாம்பாடிக்குப் பக்கத்து ஊர் அரும்பாவூர். அங்கே வாகையும் மாவும் வேம்பும் தெய்வங்களாக மாறும் பட்டறைகள் இருக்கின்றன. கோயில் தேர்ச் சிற்பங்களும் வாகனங்களும் அங்கிருந்து போகின்றன. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு படம் எடுக்க வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். பட்டறை சிறியது. மரத்துண்டும் உளியும் பாதி உருவான சிலைகளும் நிறைந்து, பின்னால் நகர இடமிருக்காது. அகல்கோணத்துக்கென்றே அமைந்த இடம் என்று தோன்றும்.

அங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மரபுச் சிற்பி முகத்தின் நீளத்தைத் தாலமாகக் கொண்டு உருவத்தை அளக்கிறவர். உத்தம தசதாலத்தில் உருவம் 124 அங்குலங்களாகப் பகுக்கப்படும், நவதாலத்தில் 108. நெற்றிக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு என்று அந்த அளவுகள் தவறாமல் இருந்தால்தான் மரம் தெய்வமாகும் என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. 60 செ.மீ. தொலைவில் கேமராவை வைத்தால், சிலையின் உடலைவிட 20 செ.மீ. முன்னே நீண்டிருக்கும் அபயக்கை உடலோடு ஒப்பிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அந்த மிகை நூற்றுக்கு ஏழுதான். இந்தக் கோணல் லென்ஸால் வருவதல்ல, நாம் நிற்கும் தொலைவால் வருவது. அகல லென்ஸ் அவ்வளவு கிட்டப் போக நம்மை அழைக்கிறது, அவ்வளவுதான். வாங்குகிறவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து கைபேசியில் படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் காலம் இது. சிற்பி மாதக்கணக்கில் காத்த அளவைப் படக்காரர் ஒரு நொடியில் கெடுத்தால், பழி சிற்பிக்குத்தான் போகும். விற்பனைக்கான சிலைப் படம் என்றால் சிலையைப் பட்டறைக்கு வெளியே கொண்டுவந்து, தள்ளி நின்று எடுங்கள்.

ஆனால் பட்டறையை எடுக்கும்போது அகல்கோணம் அங்கே அரசன். உளி பிடித்த கையை முன்னே பெரிதாக வைத்து, பின்னால் சுவரில் சாய்ந்திருக்கும் யாளியையும், கூரை ஓட்டையில் விழும் வெயிலையும், மூலையில் தேநீர் டம்ளரையும் ஒரே படத்தில் சொல்ல வேறு எந்த லென்ஸாலும் முடியாது. அங்கே கை பெரிதாவது பொய்யாகாது. அந்த இடத்தில் கைதான் பெரியது.

எங்கள் பக்கத்தில் வேறொரு பட்டறையும் உண்டு. சின்ன வெங்காயத்தை வயலோரம் பட்டறை போட்டு வைப்பார்கள். காற்று போய்வர அமைத்த அந்தப் பட்டறையின் அருகில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் அறுத்துத் தரம் பிரிப்பார்கள். தொலைலென்ஸ் வைத்துச் சாலையிலிருந்தே அவர்களை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. 20 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கு அப்படி முடியாது. அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். “எந்த ஊரு தம்பி, எதுக்குப் படம் புடிக்கிற?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வெங்காய நெடியில் அவர் கண்ணும் கலங்கும். அகல்கோணத்தின் நல்ல படங்கள் எல்லாம் அனுமதி பெற்ற படங்கள். மனிதரோடு மனிதராக உட்காரக் கட்டாயப்படுத்தும் லென்ஸ் என்பதாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு.

*

இனி கல்யாண மண்டபத்துக்கு வருவோம். தம்பியின் பிழைப்பு அங்கேதான்.

குரூப் போட்டோவுக்கு ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு சமூகப் படம் கிடைக்கும். நடுவில் மணமக்கள். அவர்களை ஒட்டிப் பெற்றோர், தாய்மாமன், வசதியான சொந்தம், வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா. தள்ளித் தள்ளிப் போனால் தூரத்துச் சொந்தம், பக்கத்து வீட்டார். கடைசி ஓரத்தில், கூப்பிட்டும் கூச்சப்பட்டுப் பாதி உடம்பை மறைத்து நிற்கும் ஒரு கைம்பெண் அத்தை. மேடை சிறிது, மண்டபம் குறுகல் என்று படக்காரர் 16 மி.மீ. லென்ஸை மாட்டுகிறார். நடுவில் எல்லாரும் அழகாக விழுகிறார்கள். ஓரத்து அத்தையின் தலை பக்கவாட்டில் இழுபட்டு, தோள் அகன்று, அவராகவே இல்லாமல் போகிறார். ஊர் எந்த இடத்தில் அவரை வைத்ததோ, அந்த இடத்துக்குரிய தண்டனையை லென்ஸும் கொடுத்துவிடுகிறது. அவர் ஆயுளில் எடுத்துக்கொண்ட படங்களே இரண்டோ மூன்றோதான் இருக்கும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனிடம் அந்தப் படம் போகும். பிறகு ஒருநாள் அதிலிருந்துதான் முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, மாலை போட்ட சட்டத்துக்குள் வைப்பார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை வேண்டாம். மேடையிலிருந்து இறங்கிப் பின்னால் போய் 35 மி.மீ. லென்ஸில் எடுக்கலாம். ஒரே நீள வரிசையை உடைத்து மூன்று வரிசையாக்கலாம். மண்டபத்தில் இடமே இல்லையென்றால் எல்லாரையும் வாசலுக்கு அழைத்துவரலாம். வேறு வழியே இல்லாமல் அகல்கோணத்தில் எடுத்தால், ஓரத்தில் ஆட்களுக்குப் பதில் தூணும் தோரணமும் வாழைமரமும் விழும்படி இடம் விட்டு எடுக்கலாம். வாழைமரம் நீண்டால் யாருக்கும் வருத்தமில்லை.

கைபேசி இந்தப் பழக்கத்தை எல்லாக் கைக்கும் கொண்டுவந்துவிட்டது. 2019க்குப் பிறகு வந்த பல கைபேசிகளில் 120 பாகை அகலக் கண் ஒன்று சேர்ந்தே இருக்கிறது. திரையில் 0.5 என்ற எண்ணைத் தொட்டால் போதும். அதன் மென்பொருள் கோடுகளை நிமிர்த்தித் தருவதால் ஓரத்து முகங்கள் இழுபடுவது அங்கேயும் உண்டு. லென்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பும்கூட. ஒரு முகூர்த்தக் காலம் முழுக்க அந்த 0.5இல் எடுத்துப் பாருங்கள். எத்தனை படம் அதில்லாமல் முடியாது, எத்தனை படம் இரண்டு எட்டுப் பின்வைத்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று பிரித்துப் பாருங்கள். கடன் வாங்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு அது.

மீன்கண் லென்ஸுக்கு மண்டபத்தில் இடம் குறைவு. கூரை அலங்காரத்தையும் கூட்டத்தையும் சேர்த்து ஒரே ஒரு படம் எடுக்கலாம், இரண்டாவது படத்திலேயே அலுத்துவிடும். ஆனால் மண்டபத்துக்கு வெளியே அதற்கு ஒரு வாழ்வு இருக்கிறது. பச்சைமலைக்கு மேல் கருக்கூடும் ஐப்பசி மேகத்தை அடிவானம் முதல் அடிவானம் வரை எடுக்கலாம். ஆலமரத்தடியில் மல்லாந்து படுத்து அதன் கூரையை எடுக்கலாம். வற்றிய கிணற்றின் அடியில் இறங்கி வாயை நோக்கி எடுக்கலாம். வட்டமான பொருளை வட்டமாகவே வாங்கிக்கொள்ளும் இடங்கள் இவை. மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கும் மாவட்டத்தில் ஒருவர் ஒரே வயலில், ஒரே முளைக்குச்சியின் மேல் கேமராவை மல்லாக்க வைத்து, ஆண்டு முழுக்க வானத்தை எடுத்துவந்தால் அது கலையாகவும் இருக்கும், ஆவணமாகவும் இருக்கும். ராபின் ஹில் அந்த லென்ஸை அமைத்த காரணத்துக்கே அது திரும்பிப் போகும்.

*

ஆகவே தம்பிக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நேர்கோட்டு அகல்கோண லென்ஸையே வாங்குங்கள். கிராப் சென்சார் கேமராவுக்கு 10–18 மி.மீ. வகை, புல்பிரேமுக்கு 16–35 மி.மீ. வகை போதும். அதற்கும் அகலமாக 12, 11 என்று இறங்க வேண்டிய தேவை நம் ஊர்க் கட்டடங்களிலும் தெருக்களிலும் அரிது. அப்படிப்பட்ட லென்ஸ்கள் பலவற்றில் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் பில்டர் மாட்ட முடியாது, கீறல் விழுந்தால் செலவு பெரிது. அகலத் திறப்புக்காக இரட்டிப்பு விலை கொடுக்கவும் வேண்டாம். 16 மி.மீ. லென்ஸை எப்/8இல் வைத்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் குவித்தால், அரை மீட்டரிலிருந்து மலைமுகடு வரை எல்லாம் தெளிவாக விழும். மீன்கண் லென்ஸ் வேண்டும்போது வாடகைக்கு எடுங்கள், அல்லது கையால் குவிக்கும் பழைய லென்ஸைக் குறைந்த விலைக்குத் தேடுங்கள். தானியங்கிக் குவிப்பு இல்லாதது அதில் ஒரு குறையே ஆகாது. மீன்கண் படத்தை மென்பொருளில் நிமிர்த்தி அகல்கோணமாக்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். முடியும். ஆனால் நிமிர்த்திய பிறகு அதுவும் ஓரத்தை இழுத்த படம்தான், தெளிவும் அங்கே போய்விடும்.

கூர்மைச் சோதனைகளையும் விலை ஒப்பீடுகளையும் படியுங்கள். படித்துவிட்டு, கடையில் லென்ஸை மாட்டி, உடன் வந்தவரைச் சட்டத்தின் கடைசி ஓரத்தில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தக் குவியத்தூரம் வரை அவர் அவராகவே இருக்கிறாரோ, மனிதர்களை எடுக்கும்போது அதுவே உங்கள் எல்லை. அந்த எண்ணை லென்ஸின் மூடியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் அதைத் தாண்டாதீர்கள்.